பதிவேடு யாருடைய கையில்?

அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வீடு வாங்க நினைக்கும் ஒருவர், கையெழுத்துப் போடுமுன் அந்தத் தெருவில் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் எவரேனும் இருக்கிறாரா என்று மாநில அரசின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். அங்கே வாழும் நம் உறவினர்கள் பலருக்கு இது பழகிப்போன காரியம். அதே கேள்வியோடு லண்டனில் தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் என்று எந்த இடத்தின் அஞ்சற் குறியீட்டை இட்டாலும் பெயர் சொல்லும் அரசுப் பட்டியல் எதுவும் கிடையாது. அப்படித் தோன்றும் பக்கங்கள் பழைய செய்தித்தாள் துணுக்குகளைத் தனியார் தொகுத்தவை. ஒவ்வொரு வட்டாரத்திலும் பதிவில் உள்ளோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் ஆண்டுதோறும் வெளியாகிறது.

இங்கேயும் பதிவேடு இருக்கிறது. ஆனால் அது பொலிஸின் கையில் இருக்கிறது. ஏன் அப்படி ஆயிற்று, பெற்றோர் அதில் எதைக் கேட்டறியலாம் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

குற்றவாளிகளைப் பதிவேட்டில் எழுதிவைத்துக் கண்காணிக்கும் வழக்கம் பிரித்தானியாவில் பழையது. 1869ஆம் ஆண்டின் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் அதற்கு வழி செய்தது. 1871ஆம் ஆண்டின் சட்டம் கைதிகளின் புகைப்படங்களையும் அதில் சேர்த்தது. அதே 1871இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. இங்கிலாந்தில் குற்றம் செய்த ஆளைப் பதிந்தார்கள். இந்தியாவில் சாதியையே பதிந்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் பொலிஸ் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்து நின்றவர்கள்மீது பொலிஸ் சுட்டது. அன்று மாண்டவர்களுக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது.

இன்றைய பாலியல் குற்றவாளிப் பதிவேட்டை அதோடு சமப்படுத்த முடியாது. அது பிறப்பைப் பார்த்தது. இது நிரூபிக்கப்பட்ட செயலைப் பார்க்கிறது. ஆனாலும் ஒரு பதிவேட்டில் யாரை எழுதுகிறார்கள், அதை யார் திறந்து பார்க்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது.

இன்றைய பதிவேடு 1997ஆம் ஆண்டின் பாலியல் குற்றவாளிகள் சட்டத்தால் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. தண்டனை பெற்றவர் மூன்று நாட்களுக்குள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பெயர், பிறந்த திகதி, முகவரி முதலியவற்றைக் கொடுக்க வேண்டும். வீடு மாறினால் மறுபடி போக வேண்டும். மாறாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை போக வேண்டும். வெளிநாடு செல்வதானால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 2012 முதல் வங்கி விபரங்களையும், பிள்ளைகள் உள்ள வீட்டில் தங்கினால் அதையும் சொல்ல வேண்டும். தவறினால் ஐந்து ஆண்டுவரை சிறை. இரண்டரை ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர் காலவரையின்றிப் பதிவில் இருப்பார். அதற்குக் குறைந்த தண்டனைகளுக்குப் பத்து, ஏழு, ஐந்து ஆண்டுகள் என்று காலம் குறையும். மீளாய்வே இல்லாத ஆயுட்காலப் பதிவு மனித உரிமைக்கு ஒவ்வாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வயதுவந்தவர்கள் பதினைந்து ஆண்டுகள் கழித்து மீளாய்வு கேட்க வழி பிறந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 60,000க்கும் அதிகமானோர் பதிவில் உள்ளனர்.

இந்தப் பதிவேடு பொலிஸின் கண்ணுக்காகவே செய்யப்பட்டது. அதன் எல்லை 2000ஆம் ஆண்டுக் கோடையில் தெரியவந்தது.

அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள், மேற்கு சசெக்ஸில் ஒரு வயல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சாரா பெய்ன் காணாமற்போனாள். பதினாறு நாட்களின் பின் அவளது உடல் கிடைத்தது. அவளைக் கொன்றவன் 1995இல் வேறொரு சிறுமியைக் கடத்தித் துன்புறுத்தியதற்காகச் சிறைசென்று, 1997இன் இறுதியில் வெளியே வந்தவன். அவன் பெயர் பதிவேட்டில் இருந்தது. அதனாலேயே சாரா காணாமற்போன மறுநாளே பொலிஸார் அவன் கதவைத் தட்டினார்கள். பதிவேடு தன் வேலையைச் செய்தது, ஆனால் குழந்தை போன பிறகு. போவதற்கு முன் தெரிந்திருக்கக் கூடாதா என்று தாய் சாரா பெய்ன் கேட்டார். மகளின் பெயரும் தாயின் பெயரும் உச்சரிப்பில் ஒன்றே. அதனால் அவர் கேட்ட சட்டத்தை நாடு 'சாரா சட்டம்' என்றே அழைத்தது.

அவர் முன்மாதிரியாகக் கொண்டது அமெரிக்காவின் மேகன் சட்டம். 1994 ஜூலையில் நியூ ஜேர்சியில் ஏழு வயது மேகன் கான்காவைக் கொன்றவன் எதிர்வீட்டுக்காரன். முன்பே இருமுறை தண்டனை பெற்றவன். அது பெற்றோருக்குத் தெரியாது. மூன்று மாதங்களில் அந்த மாநிலம் அயலவருக்கு அறிவிக்கும் சட்டத்தை இயற்றியது. 1996இல் அது நாடு முழுவதற்குமானது. இணையம் பரவியபோது அறிவிப்பு தேடுபொறியாக மாறியது.

பிரித்தானியா அந்த வழியில் போகாததற்கு ஒரு செய்தித்தாளும் காரணம். 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' ஞாயிறு இதழ் 2000 ஜூலை 23 முதல், தண்டனை பெற்றவர்களின் பெயரையும் படத்தையும் அச்சிடத் தொடங்கியது. இரண்டு வாரங்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. போர்ட்ஸ்மத்தின் போல்ஸ்குரோவ் குடியிருப்பில் ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு வாரம் இரவுதோறும் கூட்டம் கூடியது, கார்கள் எரிந்தன, எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களும் வீட்டைவிட்டு ஓடின. வேல்ஸின் நியூபோர்ட்டில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டு முகப்பில் வசை எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவரைக் குறிக்கும் சொல்லும் குழந்தைகளைச் சீரழிப்பவரைக் குறிக்கும் சொல்லும் ஒரே அசையில் தொடங்குகின்றன; எழுதியவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. பின்னாளில் இது 'கும்பல் மருத்துவரைத் தாக்கியது' என்று பெருத்துப் பரவியது. அப்படி நடக்கவில்லை. வீட்டு முகப்பில் எழுதினார்கள், அவர் வீடு மாறினார், அவ்வளவுதான். அதுவே போதாதா?

பொலிஸாருக்கும் நன்னடத்தை அதிகாரிகளுக்கும் வேறொரு கவலையும் இருந்தது. பெயர் வெளியானவன் முகவரியை அறிவிக்காமல் தலைமறைவாவான். அப்போது பதிவேட்டில் இருப்பது வெறும் பழைய காகிதம். கண்காணிக்க ஆள் கண்ணில் பட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 2008இல் நான்கு பொலிஸ் பிரிவுகளில் சோதித்து, 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரித்த திட்டமே இன்றைய சாரா சட்டம். இதில் தெருவைப் பற்றிக் கேட்க முடியாது. ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிக் கேட்கலாம். அந்த ஆளுக்கு ஒரு பிள்ளையோடு தொடர்பு இருக்க வேண்டும். பெற்றோர் மட்டுமன்றிப் பாட்டி, அயலவர், சினேகிதர் என்று யாரும் கேட்கலாம். ஆனால் பதில் கேட்டவருக்கே வரும் என்பதில்லை. பிள்ளையைக் காக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கே, பெரும்பாலும் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ, அது சொல்லப்படும்.

லண்டனில் மெற்றோபொலிற்றன் பொலிஸின் இணையத்தளத்திலோ, 101 என்ற இலக்கத்திலோ, பொலிஸ் நிலையத்திலோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பார்கள், நேரிலும் பேசுவார்கள். ஆபத்து உடனடியானது என்றால் விண்ணப்பத்துக்குக் காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும். தண்டனைகளோடு, பொலிஸிடம் உள்ள பிற தகவல்களும் பார்க்கப்படும். கிடைத்ததைப் பிறரிடம் பரப்பமாட்டேன் என்று பெறுபவர் உறுதி தர வேண்டும். 'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்று நம் முன்னோர் சொன்னதை இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் வேறு வழியில் கற்றிருந்தார்கள்.

நம் வீடுகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்தத் திட்டம் ஒரு பெயரில் தொடங்குகிறது. அதாவது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவர். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலானோர் அவர்களுக்குத் தெரிந்தவர்களே என்பதால், தெருவைத் தேடுவதைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் தெரிந்தவரைப் பற்றிக் கேட்பதே நமக்குக் கடினம். வீட்டுக்கு வரும் ஆணெல்லாம் பிள்ளைக்கு மாமா, சித்தப்பா, அண்ணா. வாயில் வந்த அந்த உறவோடு வீட்டின் உள்ளறைவரை வரும் உரிமையும் வந்துவிடுகிறது. ரியூஷன் மாஸ்ரரைப் பற்றியோ, கோயில் காரியங்களை முன்னின்று நடத்துபவரைப் பற்றியோ, துணையை இழந்த தாயோடு புதிதாகப் பழகுபவரைப் பற்றியோ பொலிஸில் விசாரிப்பது துரோகம் போலத் தோன்றுகிறது. விசாரித்தது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் சேர்கிறது. இந்த விசாரிப்பு இரகசியமாகவே நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் ஆசிரியர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கலாம். தனியாக வீட்டுக்கு ஆசிரியரை அழைக்கும் பெற்றோர் அந்த ஆழ்ந்த சோதனையைத் தாமே கேட்டுப் பெற முடியாது. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் கதவுகளில் இது ஒன்று.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இலங்கையிலோ இந்தியாவிலோ தண்டனை பெற்று இங்கு வந்தவர் தானாகவே இங்குள்ள பதிவேட்டில் ஏறமாட்டார். பொலிஸார் அதற்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்கு முதலில் அவர்களுக்கு விபரம் தெரிய வேண்டும். இந்தியா 2018 செப்டம்பரில் தன் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தை 4,40,000க்கும் அதிகமான பதிவுகளோடு தொடங்கியது. அதையும் பொதுமக்கள் பார்க்க முடியாது, புலனாய்வு அமைப்புகளே பார்க்கும்.

எந்தப் பதிவேடானாலும் அதில் ஒரு பெயர் ஏறுவதற்கு முன் ஒரு பிள்ளை வாய்திறந்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் அதை நம்பியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் பொலிஸுக்குப் போயிருக்க வேண்டும். குடும்ப மானம் என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்த எதுவும் அங்கே இல்லை. ஆகவே 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்று பொலிஸ் தரும் பதில் நற்சான்றிதழ் ஆகாது. அந்த ஆளைப் பற்றி இதுவரை எவரும் சொல்லவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். நம் சமூகத்தில் மறைத்து முடித்த ஒவ்வொரு விடயமும், பின்னொரு நாள் வேறொரு தாய் கேட்கும் கேள்விக்கு வெற்றுத் தாளைப் பதிலாகத் தருகிறது. பதிவேடு பொலிஸின் கையில் இருக்கிறது. அதில் எழுதப்பட வேண்டியது பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கிறது.