கிளையிடை வி.பி.என்.

கிளையிடை வி.பி.என். (மெய்நிகர் தனியார் வலையமைப்பு) என்பது, ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு இடங்களிலுள்ள உள்வலைகளைப் பொது இணையத்தின் வழியாகவே மறையாக்கம் செய்து இணைக்கும் முறை. இருபுறமும் உள்ள ரவுட்டர்களே இணைப்பைக் கவனித்துக்கொள்வதால் ஊழியர்களின் கணினிகளில் தனி மென்பொருள் தேவையில்லை.

தேவை

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் இத்தேவை தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. வெடிபொருள் விதிகள், 2008 குடியிருப்புகளிலிருந்து பாதுகாப்பு இடைவெளி கேட்கின்றன. எனவே ஆலை ஆனைக்குட்டம் போன்ற கிராமப்புறத்திலும், கணக்கும் விற்பனையும் நகர அலுவலகத்திலும் இருப்பது வழக்கம். ஆலையின் சரக்கிருப்பு நகர அலுவலகத்தின் டேலி கணக்கு மென்பொருளில் உடனுக்குடன் ஏற வேண்டும். அதற்காக டேலியின் 9000 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது ஆபத்து; தனி லீஸ்டு லைனுக்கோ செலவு அதிகம்.

அமைக்கும் முறை

முதல் வேலை முகவரிப் பங்கீடு. கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையிலேயே வருகின்றன. இருபுறமும் ஒரே வரிசை இருந்தால் எந்தத் தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது ரவுட்டருக்குத் தெரியாது. சிவகாசிக்கு 192.168.10, ஆனைக்குட்டத்துக்கு 192.168.20 என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும்.

அடுத்து, ஒரு பக்கத்திலாவது மாறாத பொது முகவரி (ஸ்டாட்டிக் ஐ.பி.) வேண்டும். 4ஜி சிம்மில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து அதை அழைக்க முடியாது. ஆலையில் சிம் இணைப்பு மட்டுமே இருந்தால், ஆலை ரவுட்டர்தான் நகர அலுவலகத்தை அழைக்க வேண்டும். வயர்கார்டு என்னும் வி.பி.என். நெறிமுறையில் 25 விநாடிக்கு ஒருமுறை சிறு சமிக்ஞை அனுப்பச் சொன்னால் இணைப்பு அறுபடாது.

கடைசியாகச் சாவிகள். வயர்கார்டில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு சாவி இணையை உருவாக்கும். பொதுச் சாவியை மட்டுமே எதிர்ப்புறத்துக்குத் தர வேண்டும், தனிச் சாவி ரவுட்டரை விட்டு வெளியே போகக் கூடாது. வயர்கார்டுக்குப் பதிலாக ஐபிசெக் நெறிமுறையைப் பயன்படுத்தினால் யு.டி.பி. 500, 4500 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்.

பழுதுகள்

இணைப்பைச் சோதிக்கும் பிங்குக்குப் பதில் கிடைக்கும், ஆனால் பெரிய கோப்பு பாதியில் நிற்கும். இதற்குப் பெரும்பாலும் பொட்டல அளவே காரணம். ஈதர்நெட்டின் 1500 பைட் அளவு, மறையாக்கச் சுமையால் வயர்கார்டில் வழக்கமாக 1420 ஆகக் குறைக்கப்படுகிறது.

வரலாறும் சட்டமும்

ஐபிசெக்கின் முதல் தரநிலைகள் 1995இல் வெளிவந்தன. ஜேசன் டோனென்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கருநிரலில் இடம்பெற்றது.

வி.பி.என். சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் ஆணையிட்டது. நிறுவனங்கள் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு அமைக்கும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது. ஆனால் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கும் விதி அந்நிறுவனங்களுக்கும் உண்டு.