நிலத்துக்கும் ஓர் ஆசனம்

2015 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் காலம். செய்தி சேகரிப்பதற்காக நெடுங்கேணிப் பக்கம் சென்றிருந்தேன். தேநீர்க்கடை வாங்கிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நான் வடமராட்சியான் என்பதைப் பேச்சிலேயே கண்டுகொண்டார். "தம்பி, உங்கட ஊரில ரெண்டு ஒழுங்கைக்குள்ள இருக்கிற சனம் எங்கட ஊர் முழுக்க இல்லை. ஆனா எங்கட ஊரைச் சுத்திவர ஒரு நாள் வேணும். சனத்தை மட்டும் எண்ணினா எங்களுக்கு ஆர் கதைக்கிறது?" என்றார்.

பேராதனையில் அரசறிவியல் கற்ற நாட்களில் நான் மனனம் செய்த ஒரு விதியின் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற இரட்டை அளவுகோல் வகுக்கப்பட்டது. தெரிவு செய்யப்படும் 95 உறுப்பினர்களில் 25 பேர் பரப்பளவின் பேரால் வந்தவர்கள். மேல்மாகாணத்துக்கு இவ்வகையில் 1 ஆசனமே கிடைத்தது. வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களுக்குத் தலா 4 கிடைத்தன. ஜி. ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கோரி நின்ற காலம் அது. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. சனத்தொகை குறைந்த மாகாணங்களுக்கு வழங்கப்பட்ட இம்மேலதிக ஆசனங்கள் சிறுபான்மையினருக்கும் துணையாகும் என்று கூறப்பட்டது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் வடமாகாணத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. அவற்றுள் மன்னாரும் வவுனியாவும் தனித்தனித் தொகுதிகளாயின.

ஆனால் இதே ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மலையகத்தில் தெரிந்தது. 1947 இல் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் குடியுரிமையோடு பிணைக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை. கொடுமை அத்துடன் நிற்கவில்லை. 1959 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்போது குடியுரிமையற்ற தோட்டத் தொழிலாளரும் சனத்தொகையில் எண்ணப்பட்டனர். அவர்களது தலைகளைக் கணக்கிட்டு மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அவ்வாசனங்களுக்கு வாக்களித்தோர் வேறு மக்கள். லயத்தில் வாழ்ந்தவன் கணக்கில் இருந்தான், வாக்காளர் இடாப்பில் இல்லை. நுவரெலியா - மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மீண்டும் வாக்குகளால் தெரிவாவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இக்கணக்கை மாற்றியது. 160 ஆசனங்கள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றன. பரப்பளவு என்ற சொல் மறைந்தது. எனினும் மாகாணம் ஒன்றுக்கு 4 வீதம் 36 ஆசனங்கள் சமமாக ஒதுக்கப்பட்டன. சனம் நெருக்கியடிக்கும் மேல்மாகாணத்துக்கும் 4, ஊவாவுக்கும் 4. பழைய ஏற்பாட்டின் நிழல் இன்றுவரை இதில்தான் எஞ்சியிருக்கிறது.

வடமாகாணத்தின் அந்த 4 ஆசனங்களில் 3 வன்னிக்கு உரியவை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்களையும் உள்ளடக்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,500 சதுர கிலோமீற்றர். அதற்கு 6 ஆசனங்கள். அதாவது, வன்னியின் பிரதிநிதித்துவத்தில் பாதி இந்த 36 இலிருந்து வருவது. 699 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கொழும்பு மாவட்டத்துக்கு 2024 இல் 18 ஆசனங்கள் இருந்தன. யுத்தத்தாலும் புலம்பெயர்வாலும் வாக்காளர் குறைந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 ஆகவும், 2015 இல் 7 ஆகவும், 2024 இல் 6 ஆகவும் சுருங்கியதை நாம் கண்டோம். அக்காலம் முழுவதும் வன்னி 6 இலேயே நின்றது. அதனைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சிறு ஏற்பாடே.

ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்கும் சமம் என்போரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மண் வாக்களிப்பதில்லை, மனிதரே வாக்களிக்கின்றனர். மண்ணுக்குரிய ஆசனத்தை அம்மண்ணின் மனிதர் அல்லாதார் அனுபவித்தால் என்ன நேரும் என்பதற்கு மலையகமே சாட்சி. ஆனால் குளம் உடைந்தாலும் யானை வந்தாலும் ஒரு பிரதிநிதியைத் தேடி ஐம்பது மைல் செல்ல வேண்டியவனின் வாக்கும், அடுத்த தெருவில் பிரதிநிதி இருப்பவனின் வாக்கும் நடைமுறையில் சமமாகிவிடுமா?

தேர்தல் முறையை மாற்றுவது பற்றிய பேச்சு நம் நாட்டில் அடிக்கடி எழுகிறது. விகிதாசாரமா, தொகுதியா, கலப்பா என்று கொழும்பில் விவாதிப்போர் அந்த 36 ஆசனங்களை ஒரு சிறு கணக்காகவே கடந்து செல்கின்றனர். புதிய முறை எதுவாயினும், அவை எங்கே போகின்றன என்று நம் பிரதிநிதிகள் முதலில் கேட்க வேண்டும். கேட்கத் தவறினால் நெடுங்கேணிப் பெரியவரின் கேள்விக்கு நம்மிடம் பதில் இராது.