கால்டெரோன் கணக்கு பிறந்த கதை

1940-களின் பிற்பகுதி. புவெனஸ் ஐரிஸில், அர்ஜென்டினா அரசின் எண்ணெய் நிறுவனமான ஒய்.பி.எஃப்-இன் புவி இயற்பியல் ஆய்வகத்தில் ஆல்பெர்த்தோ கால்டெரோன் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். 1920-இல் மென்டோசாவில் பிறந்தவர். படித்தது சிவில் இன்ஜினியரிங், மனம் இருந்தது கணிதத்தில். புத்தகத்தில் தேற்றத்தை மட்டும் படித்துவிட்டு, நிறுவலைத் தானே செய்துகொள்வது அவர் வழக்கம்.

எண்ணெய் தேடுகிறவர்கள் தரையில் இரண்டு கம்பிகளை அடித்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். வேறு இடங்களில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். உப்புநீர் ஊறிய பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், எண்ணெய் ஊறிய பாறை கடத்தாது. பிரான்சில் கோன்ராட் ஷ்லம்பெர்ஜெர் 1912-லேயே தொடங்கிவைத்த முறை இது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பழுத்துவிட்டதா என்று சொல்வதைப் போல, மேலே இருந்துகொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கும் வேலை.

கால்டெரோன் இந்த ஊகத்தின் அடியையே தோண்டினார். மேற்பரப்பு முழுவதும் எல்லா விதமாகவும் மின்சாரம் பாய்ச்சி, எல்லா இடத்திலும் துல்லியமாக அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் கடத்துதிறன் எவ்வளவு என்பது அதிலிருந்து உறுதியாகிவிடுமா? அல்லது உள்ளே வெவ்வேறாக உள்ள இரண்டு நிலங்கள் வெளியே ஒரே அளவீட்டைக் காட்டக்கூடுமா?

மின்னழுத்தம் ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. அதன் கெழுதான் கடத்துதிறன். கெழுவைக் கொடுத்து மின்னழுத்தத்தைக் கேட்டால் அது வழக்கமான கணக்கு. இவரோ எல்லையில் கிடைக்கும் விடையைக் கொடுத்துக் கெழுவைக் கேட்டார். சமன்பாடு நேரியல்தான், ஆனால் கெழு மாறினால் உள்ளே மின்சாரம் போகும் வழியே மாறிவிடும். அதனால் இந்தத் தலைகீழ்க் கணக்கு நேரியல் அல்ல. கடினம் அங்கே தொடங்குகிறது.

1948-இல் சிகாகோ பல்கலைக்கழகக் கணிதவியலாளர் அந்தோனி சிக்மண்ட் புவெனஸ் ஐரிஸ் வந்தார். இந்த இளைஞரின் திறமையைக் கண்டுகொண்டு சிகாகோவுக்கு அழைத்தார். எண்ணெய் நிறுவனத்தில் தன்னை நன்றாக நடத்தியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன் என்று கால்டெரோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1950-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் சிக்மண்டோடு சேர்ந்து கணிதப் பகுப்பாய்வின் முகத்தையே மாற்றினார். எண்ணெய் வயல் கேள்வி மட்டும் அச்சேறாமலே கிடந்தது.

1980-இல், ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பில் அதை வெளியிட்டார். ஒன்பதே பக்கம். முழு விடை அதில் இல்லை. கடத்துதிறன் ஏறக்குறைய எங்கும் ஒரே அளவாக இருக்கும்போது, கணக்கை நேரியலாக்கிப் பார்த்தால் விடை ஒன்றுதான் என்று காட்டினார். அதற்கு அவர் கையாண்ட உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு திசையில் அலையாக ஏறியிறங்கி, அதற்குச் செங்குத்தான திசையில் மளமளவென்று வளரும் ஒரு தீர்வை எடுத்தார். அதே அலையோடு, ஆனால் அதே வேகத்தில் தேயும் இன்னொரு தீர்வையும் எடுத்தார். இரண்டையும் பெருக்கினால் வளர்ச்சியும் தேய்வும் ஒன்றையொன்று அடித்துவிடும்; சுத்தமான அலை மட்டும் மிஞ்சும். எல்லாத் திசைக்கும் எல்லா அலைநீளத்துக்கும் இப்படிச் செய்தால், மறைந்திருந்த கெழுவின் ஃபூரியே உருமாற்றம் கைக்கு வந்துவிடுகிறது.

1987-இல் ஜான் சில்வெஸ்டரும், சிலி நாட்டில் பிறந்த குந்தர் ஊல்மனும் இந்த உத்தியை வளர்த்தெடுத்து, மூன்றும் அதற்கு மேலும் உள்ள பரிமாணங்களில், கடத்துதிறன் வழவழப்பாக மாறும் நிலையில் விடை ஒன்றே என்று நிறுவினார்கள். அந்த அலைகளைத் திருப்பிப் பார்க்கக் கூடுதலாக ஒரு செங்குத்துத் திசை வேண்டும். தளத்தில் அதற்கு இடமில்லை. அதனால் சிறியதாகத் தோன்றும் இரு பரிமாணக் கணக்கு 1996-இல் நாக்மன் என்ற கணிதவியலாளர் அதைத் தீர்க்கும்வரை காத்திருந்தது.

இதற்கிடையே, 1988-இல் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரினி நிலைத்தன்மையை ஆராய்ந்தார். விடை ஒன்றுதான் என்றாலும், அளவீட்டுப் பிழை பல மடங்கு குறைந்தாலும் விடையின் பிழை மடக்கை அளவில் மெல்லத்தான் குறையும் என்ற உண்மை வெளிப்பட்டது. இதே கணக்கைக் கொண்டு, இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மார்பைச் சுற்றி மின்வாய்ப் பட்டை கட்டி, காற்று நிறைந்து வடியும் நுரையீரலைத் திரையில் பார்க்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை, படுக்கையை விட்டு நகர்த்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் படம் மங்கலாகவே வருகிறது. கருவி செய்தவர்களை அதற்குக் குறை சொல்வது நியாயமல்ல. அந்த மங்கல் கணக்கிலேயே இருக்கிறது.

தளத்தில், கடத்துதிறன் சுழியத்தையோ முடிவிலியையோ நெருங்காத வரை எவ்வளவு தாறுமாறாக மாறினாலும் விடை ஒன்றே என்பதை 2006-இல் பின்லாந்தின் அஸ்தாலாவும் பைவரின்தாவும் நிறுவிவிட்டார்கள். நாம் வாழும் மூன்று பரிமாணத்தில் அதை இதுவரை யாரும் நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை.