ஜொகூரில் அயல்நாட்டுத் தொழிலாளர் பணவனுப்பல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உழைக்கும் அயல்நாட்டவர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்துத் தாயகக் குடும்பங்களுக்கு அனுப்பும் தொகை. வங்கி, உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனம் ஆகியவற்றின் வழிச் செல்வது முறைசார்ந்தது. உண்டியல் எனப்படும் உரிமமற்ற இடைத்தரகர் வழிச் செல்வது முறைசாராதது. பணமாற்றுத் தொழிலை 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒழுங்குபடுத்துகிறது.

ரப்பர்க் காலத்தில் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் என்னும் ஆள்சேர்ப்பாளர்கள் அழைத்துவந்த தமிழர்கள் மணியார்டரிலும் ஊர் திரும்புவோர் கையிலும் பணம் அனுப்பினர். குடும்பத்தைப் பேணும் செலவு தமிழகக் கிராமத்தில் நிகழ்ந்ததால் தோட்டங்கள் தனியாள் கூலியிலேயே ஆள் வைத்துக்கொள்ள முடிந்தது; உள்ளூர்ச் சந்தைக்குச் சென்ற பணமும் குறைந்தது. மலாயாவில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்ட 1938இல், பயணச் செலவுக்கு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தது. புதியவர் வரவு குறைந்து, குடும்பங்கள் வேரூன்றியதும் சேமிப்பு மலாயாவிலேயே தங்கத் தொடங்கியது. தொழிலாளர் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இம்மாற்றத்துக்கு ஒரு சான்று.

இன்று செம்பனைத் தோட்டம், கட்டுமானம், ஆலைகளில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் பணிபுரிகின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் ரிங்கிட் வெளியேற்றமாகக் கணக்கிடப்பட்டாலும், அவர்கள் உழைப்பின் விளைச்சல் ஜொகூரிலேயே தங்குவதால் அதை இழப்பாக மட்டும் கொள்வது பிழை. ஜொகூர் பணம் பெறும் இடமுமாகும்: 1924இல் முழுமையாகத் திறக்கப்பட்ட தரைப்பாலம் வழியே சிங்கப்பூருக்கு அன்றாடம் வேலைக்குச் செல்லும் உள்ளூர்வாசிகள் சிங்கப்பூர் வெள்ளியில் ஊதியம் ஈட்டி வருகின்றனர்.