கல்லாக மாறும் காபனீரொட்சைட்டு

நிலத்தின் கீழ் புதைக்கப்படும் காபனீரொட்சைட்டு வாயு மீண்டும் கசிந்து வெளியேறாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வி நீண்ட காலமாகவே எழுப்பப்பட்டு வந்துள்ளது. இதற்கு நம்பத்தகுந்த பதிலொன்று ஐஸ்லாந்திலிருந்து கிடைத்தது.

தலைநகர் ரெய்க்யவிக்கிற்கு அண்மையிலுள்ள ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்தில், கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தினர் 2012 ஆம் ஆண்டில் இவ்வாயுவை நீரில் கரைத்து, பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறைக்குள் செலுத்தினர். நாம் அருந்தும் சோடாவை ஒத்ததே அந்நீர். அதன் அமிலத்தன்மை பாறையிலுள்ள கல்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்தெடுக்க, அவற்றுடன் வாயு இணைந்து காபனேற்றுக் கனியமாக உறைகின்றது. இதற்கு நூற்றாண்டுகள் செல்லுமெனக் கருதப்பட்டிருந்தது. ஆயினும், செலுத்தப்பட்டதில் 95 சதவீதத்துக்கும் அதிகமானது இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கல்லாகிவிட்டதென 2016 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு தெரிவித்தது. கல்லானபின் கசிவு பற்றிய அச்சம் எஞ்சுவதில்லை.

எனினும், இதனைக் காரணங்காட்டி நிலக்கரியையும் எண்ணெயையும் தொடர்ந்து எரிக்கலாமென வாதிடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. ஒரு தொன் வாயுவைக் கரைப்பதற்கு ஏறத்தாழ 25 தொன் நீர் தேவை. நீர்ப் பஞ்சமுள்ள நாடுகள் என்ன செய்யும்? 2024 இல் அங்கு திறக்கப்பட்ட மமூத் நிலையம், காற்றிலிருந்து ஆண்டுக்கு 36,000 தொன் வரை பிரித்தெடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. எரிபொருட்களால் உலகம் வெளியிடுவதோ ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி தொன். அதாவது, அந்நிலையம் முழுமையாக இயங்கினாலும் அதன் ஓராண்டு உழைப்பு உலகின் அரை நிமிடப் புகைக்கே ஈடாகும். சீமெந்து ஆலைகள் போன்று, இவ்வாயுவை முற்றாகத் தவிர்க்கவியலாத தொழில்களுக்கே இந்நிலத்தடிக் களஞ்சியம் முதலில் ஒதுக்கப்படுதல் வேண்டுமென்பது எமது கருத்தாகும்.