தொட்டுப் பார்த்தவர்கள் கண்டது

பிறந்து மூன்றாம் நாள் குழந்தையின் உடம்பு மஞ்சள் பூத்தால், குரும்பகரத்துப் பாட்டிகள் காலை வெயிலில் காட்டச் சொல்வார்கள். மஞ்சள் கூடினால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ்க் கிடத்துவார்கள். அந்த விளக்கு எங்கிருந்து வந்தது? டாக்டர்களின் பெயர்கள் உடனே கிடைக்கும். கதையோ ஒரு நர்ஸிடம் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்டு. காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்று நம்பியவர். கோடையில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். 1956இல் ஒரு நாள், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. ஏதோ மருந்து பூசியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை, துணி மூடிய இடத்தில் மட்டும் காமாலை போகாமல் நிற்கிறது என்றார் வார்டு. அடுத்து, வெயில்பட்டுக் கிடந்த ரத்த மாதிரி ஒன்றிலும் பிலிருபின் அளவு குறைந்திருந்தது. 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ். வார்டின் பெயர் அந்த மூவரில் இல்லை. கிரெமரே பிற்பாடு இந்தச் சம்பவத்தை எழுதினார். அதனால்தான் அந்தப் பெயராவது பிழைத்தது.

நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைப்பவருக்குத் தெரிவது, ஐந்து நிமிடம் நின்று போகிறவருக்குத் தெரியாது. ஆனால் தொடுகிற வேலை கீழான வேலை என்றால், அதிலிருந்து பிறக்கும் அறிவும் கீழானதாகிவிடும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க நர்ஸ் ஜோ ஆன் எலண்ட் பெயரை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு நரம்பு முதிரவில்லை, வலி அவ்வளவாகத் தெரியாது என்று மருத்துவம் நம்பிய காலம் அது. அவரும் உடன் ஆய்வாளரும் செய்தது எளிய வேலை, மருந்துக் குறிப்புகளை எடுத்து எண்ணினார்கள். 1977இல் வெளியான கணக்கு இது: அறுவை சிகிச்சை முடிந்த 25 குழந்தைகளுக்கு, மொத்தமாகச் சேர்த்து 24 முறை வலிமருந்து தரப்பட்டிருந்தது. அவர்களில் 13 பேருக்கு ஒரு முறைகூட இல்லை. அதே மாதிரி நோய்களோடு படுத்திருந்த பெரியவர்கள் 18 பேருக்கு 671 முறை! பத்தாண்டு கழித்து, இந்தியாவில் பிறந்த டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த், பிறந்த குழந்தையின் உடலும் அறுவையின் வலிக்கு எப்படிப் பதறுகிறது என்று ரத்தப் பரிசோதனைகளால் காட்டினார். உலகம் அப்போதுதான் அசைந்தது.

"இதுங்க உடம்பு தாங்கும்" என்று பிரசவ வார்டில் நம் பெண்களைப் பார்த்துச் சொல்வதும் இதே தர்க்கம்தான். யாருடைய வலி வலியாகக் கணக்கில் வரும் என்பது உடற்கூறு மட்டும் தீர்மானிக்கிற விஷயமல்ல.

பிசியோதெரபியின் வரலாற்றிலும் இப்படி ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியாவின் எலிசபெத் கென்னி நர்சிங் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர். போலியோ தாக்கிய கை கால்களை மாவுக்கட்டில் பூட்டி வைத்த காலத்தில், சூடான கம்பளித் துணி சுற்றித் தசையை இளக்கி, அசைத்துப் பழக்கினார். 1938இல் குயின்ஸ்லாந்து அரசின் மருத்துவக் குழு அவர் முறையை நிராகரித்தது. 1940இல் அமெரிக்கா போனார், அங்கே அது பரவியது. நோய் ஏன் வருகிறது என்று அவர் சொன்ன விளக்கம் தவறு. அதற்காகக் குழந்தைகள் எழுந்து நடந்தது பொய்யாகிவிடாது.

இங்கே தொடுதலின் கதையே வேறு. 1897 பிளேக்கின்போது புனே அருகே முந்த்வாவின் மஹர் குடியிருப்பில் கிடந்த ஒரு சிறுவனை முதுகில் சுமந்து சிகிச்சைக்கூடத்துக்குக் கொண்டுபோனார் சாவித்ரிபாய் பூலே. சிறுவன் பிழைத்தான். அவர் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு கணக்கெடுத்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். பிறர் மலத்தையும் ரத்தத்தையும் தொடும் வேலைக்குப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்ற சாதிக் கௌரவத்துக்கும் அதில் பங்குண்டு. அதே ஆண்டில்தான் வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. போலியோவை எதிர்கொள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1950களின் தொடக்கத்தில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபிப் பள்ளி வந்தது.

இன்று நம் சேரிகளிலிருந்து அந்தப் படிப்புகளுக்குப் பிள்ளைகள், பெரும்பாலும் தங்கைகள், போகிறார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது ஏற்கெனவே பலர் செய்த கேள்வித்தாளையே திரும்பச் செய்யச் சொல்வார்கள். எலண்ட் செய்ததை அனுமதி வாங்கி இங்கே செய்து பார்க்கலாம். ஒரு குழந்தைகள் வார்டு, ஒரு மாதம். எந்தக் குழந்தைக்கு வலிமருந்து எழுதப்பட்டது, எத்தனை முறை கொடுக்கப்பட்டது, பெற்றோர் கேட்ட பிறகா, கேட்காமலேயா? பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: குழந்தை எந்தத் தெருவிலிருந்து வந்தது.