எலும்புருக்கியும் அலையும் நரம்பும்: இரு மருத்துவப் பெயர்களின் வரலாறு

மருத்துவத்தில் ஒரு பெயர் தோன்றும் காலத்தில் நிலவிய அறிவு அப்பெயரில் படிந்துவிடுகிறது. பின்னர் அறிவு மாறினும் பெயர் பெரும்பாலும் நிலைத்துவிடும். எலும்பைத் தாக்கும் காசநோய், மூளையை இரைப்பையுடன் இணைக்கும் நரம்பு ஆகிய இரண்டின் பெயர் வரலாறும் இதனை விளக்குவன. மொழிபெயர்ப்பாளர் இவ்வரலாற்றை அறியாவிடின், இழப்பு நோயாளியைச் சாரும்.

முதுகெலும்பு வளைந்து கால்கள் செயலிழக்கும் நிலையை இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் விரித்துரைத்தார். அவர் பெயரால் அது ‘பாட் நோய்’ எனப்பட்டது. எலும்பு அரிக்கப்படும் தோற்றம் பற்றி, ‘முதுகெலும்புச் சொத்தை’ என்று பொருள்படும் பெயரும் வழங்கிற்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த பின்னரே காரணம் பற்றிய பெயருக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது. ஆள்பெயர், தோற்றப்பெயர், காரணப்பெயர் என மூவகை இங்குக் காணப்படுகின்றன.

பெயர் மாறிய விரைவில் மருத்துவம் மாறவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்த பின்னரும் நெடுநாள் படுக்கை ஓய்வும் மாவுக்கட்டும் தொடர்ந்தன. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஒப்பாய்வு அறிக்கைகள் 1973 முதல் வெளிவந்தன. மருந்தை முறையாக உண்டவர்க்குப் படுக்கை ஓய்வோ மாவுக்கட்டோ கூடுதல் பயன் தரவில்லை என்பது கொரியாவில் நடந்த ஆய்வுகளின் முடிவு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் முதுகெலும்புக் காசநோய்க்குக் குறுகிய கால மருந்து முறையை ஆராய்ந்தது.

தமிழில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ‘எலும்புருக்கி’, ‘என்புருக்கி’ என்பன எலும்பில் தோன்றும் நோயைக் குறிக்க எழுந்தவை அல்ல. எலும்பும் உருகும்படி உடல் மெலிவதைச் சுட்டி, பொதுவாக நுரையீரல் காசநோய்க்கு வழங்கியவை. ‘காசம்’ என்னும் வடசொல்லின் பொருளோ இருமல். எனவே சொற்பொருள் நோக்கில் ‘எலும்புக் காசநோய்’ என்பது ‘எலும்பின் இருமல் நோய்’ ஆகிறது. வழக்கில் வேரூன்றிய இச்சொல்லை விலக்க வேண்டுவதில்லை. ஆயினும் இருமலே இல்லாமல் முதுகுவலி மட்டுமே உள்ள ஒருவர், காசநோய் பற்றிய அறிவுரை தமக்கானதன்று என எண்ணிக் காலந்தாழ்த்த இடமுண்டு. அறிவுரை நூலை மொழிபெயர்ப்பவர் இதனை ஒரு தொடரில் தெளிவுபடுத்துதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிரீன் வெளியிட்ட ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) ஆகியவை 1882க்கு முற்பட்டவை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவற்றின் நோய்ப்பெயர்களில் கிருமி பற்றிய அறிவைத் தேடுதல் பொருந்தாது.

இரண்டாவது பெயர், வேகஸ் நரம்பு. இலத்தீனில் ‘வேகஸ்’ என்பது அலைவது எனப் பொருள்படும். மூளைத்தண்டில் தொடங்கிக் கழுத்து, மார்பு வழியே வயிற்றறை வரை செல்வதால் இப்பெயர் பெற்றது. காலன் இதனை அண்டை நரம்புகளோடு சேர்த்து ஆறாம் இணையாக எண்ணினார். சோமரிங் 1778இல் வகுத்த பன்னிரண்டு இணைகளில் இது பத்தாவது. வழிப்பெயரும் எண்பெயரும் இதன் தொழிலைக் கூறவில்லை. அதனை உணர்த்தியவர்களுள் இவான் பாவ்லோவ் முதன்மையானவர். உண்ட உணவு இரைப்பையை அடையாதபடி செய்யப்பட்ட நாய்களிலும் இரைப்பைநீர் சுரந்தது. இந்நரம்பை வெட்டியபின் அச்சுரப்பு நின்றது. செரிமான ஆய்வுக்காக அவர் 1904இல் நோபல் பரிசு பெற்றார். 1943இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் இந்நரம்பை வெட்டி இரைப்பைப்புண் நோய்க்கு மருத்துவம் செய்தார். 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் இராபின் வாரனும் இரைப்பையில் வாழும் கிருமியொன்றை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. காக்கின் அறிவிப்புக்குச் சரியாக நூறாண்டுக்குப் பின், இங்கும் மருத்துவம் கிருமியை நோக்கித் திரும்பிற்று.

இந்நரம்பைத் தமிழில் ‘அலையும் நரம்பு’ எனல் மூலப்பொருளுக்கு இயைந்ததே. ஆனால் ‘நரம்பு’ என்னும் சொல் யாழின் தந்தியையும், பேச்சுவழக்கில் இரத்தக் குழாயையும் குறிக்கும். கிரேக்க ‘நியூரான்’ என்னும் சொல்லும் முன்பு தசைநாணையும் வில்நாணையும் குறித்ததே. ‘வயிறு’ என்பதும் அவ்வாறே வயிற்றறை, இரைப்பை இரண்டையும் தழுவும். இரைப்பை நரம்பை வெட்டுதல் பற்றிய ஒரு தொடரை, ‘வயிற்று நரம்பை வெட்டுதல்’ எனப் பெயர்த்தால், இரத்தக் குழாயை வெட்டுவதாக நோயாளி கொள்ளக்கூடும்.

ஆகவே, மூலப்பெயர் ஆள், தோற்றம், காரணம், வழி, எண் ஆகியவற்றுள் எதன் அடியாகப் பிறந்தது என்பதை முதலில் துணிதல் வேண்டும். தமிழ்ச்சொல் எதன் அடியாகப் பிறந்தது என்பதை அடுத்துத் துணிதல் வேண்டும். இரண்டும் வேறுபடும் இடத்தில் விளக்கம் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.